வாட்டுக் கட்டிலுக்கு எந்தப் போன்? நோக்கியா 105 4ஜியும் கூடப் போகவேண்டிய சாமான்களும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாளுக்கு மேல் தங்க வேண்டி வந்தால், கட்டிலில் படுத்திருப்பவரின் கையில் பட்டன் போன் இருக்கட்டும். மருந்துக்கும் ரிப்போட்டுக்கும் ஓடித்திரிபவரின் கையில் ஸ்மார்ட்போன் இருக்கட்டும். நோயாளியோடு நல்ல போனை அனுப்பிவிட்டு, பற்றரி இறங்கிய பழைய போனோடு வீட்டார் வெளியில் நிற்பதுதான் தலைகீழான ஏற்பாடு. இரவு பதினொரு மணிக்கு வாட்டிலிருந்து அழைப்பு வரும்போது அந்தப் பழைய போன் செத்துக் கிடக்கும்.

இங்கே பார்க்கப்போவது நோக்கியா 105 4ஜி. எச்.எம்.டி நிறுவனம் 2021இல் வெளியிட்ட மாடல். 1.8 அங்குலத் திரை, கழற்றி மாட்டக்கூடிய 1020 மில்லி அம்பியர் மணி பற்றரி, மைக்ரோ யூஎஸ்பி சாஜர் வாய், 3.5 மில்லிமீற்றர் இயர்போன் துளை, டோர்ச், எஃப்எம் ரேடியோ. கமரா இல்லை. பழைய 105களைக் கடைகளில் இன்னும் காணலாம்: 2019ஆம் ஆண்டின் 105இல் 800 மில்லி அம்பியர் மணி பற்றரி, 2023ஆம் ஆண்டின் 105இல் 1000. இரண்டும் 2ஜி மட்டும். பெட்டியின் மேல் 105 என்பதைப் பார்த்து வாங்கிவிடாமல், 4ஜி என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

கட்டிலுக்குப் பட்டன் போன் பொருந்துவதற்கு பற்றரி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கை. ஒரு கையில் சேலைன் ஏறும். மற்றக் கையின் விரலில் ஒட்சிசன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டியிருக்கும். ஸ்மார்ட்போனைத் திறக்க ஒருவர் விரல் ரேகை வைத்திருந்தால், வீங்கிய விரலும் பிளாஸ்டர் சுற்றிய விரலும் அதற்கு அந்நியர் விரல். முகத்தைக் காட்டித் திறக்கும் ஏற்பாடு ஒட்சிசன் மாஸ்க் போட்டதும் பெரும்பாலும் நின்றுவிடும். கடைசியில் நாலு இலக்கமோ ஆறு இலக்கமோ அடிக்க வேண்டும். மயக்க மருந்து தெளியாத நேரத்தில் அது நினைவுக்கு வராது. பட்டன் போனில் 2ஐ அழுத்திப் பிடித்தால் மகளுக்குப் போகும், 3ஐ அழுத்திப் பிடித்தால் தம்பிக்குப் போகும். இதற்குக் கண்கூடத் தேவையில்லை. 5ஆம் பட்டனில் இருக்கும் சின்னப் புடைப்பை விரலால் தடவினாலே மற்றப் பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

கமரா இல்லாததைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. வாட்டில் அது நல்லதுதான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளி. வீடியோ கோலில் சுற்றிக் காட்டும்போது அவருடைய கட்டில், அவருடைய உடுப்பு, அவர் முனகுவது எல்லாம் சவூதி வரைக்கும் போகிறது. தாதியர் ஏசுவதற்கு முன்பே நாம் தவிர்க்க வேண்டியது இது. பெண்கள் விடுதியிலும் பிரசவ விடுதியிலும் கமராவை வெளியே எடுக்கவே கூடாது. காயத்தையோ ரிப்போட்டையோ படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால், பார்வை நேரத்தில் வருபவர் தன் போனில், மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டுவிட்டு எடுக்கட்டும். கமராவும் வேண்டும் என்பவர்களுக்கு அதே வரிசையில் நோக்கியா 110 4ஜி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கென்று வாங்குவதானால் நாங்கள் 105ஐத்தான் சொல்வோம்.

இனி 4ஜி விஷயம். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் தன் சத்தத்தைக் கூட்டிப் பேசும். தூரத்தில் நிற்பவரிடம் நாம் கத்திக் கதைப்பது போலத்தான். 2ஜியில் 900 மெகாஹேர்ட்ஸ் அலையில் கதைக்கும் போன் உச்சத்தில் 2 வாட் வரை உமிழலாம். 4ஜி போனின் உச்சம் ஏறத்தாழ 0.2 வாட். ரேடியோவுக்குப் பக்கத்தில் 2ஜி போனை வைத்தால் கோல் வருவதற்கு ஒரு கணம் முன்பு 'டிர்ர் டிர்ர்' என்று கேட்குமே, அதே துடிப்புத்தான் காது கேட்கும் கருவியிலும் கேட்கும். பக்கத்திலிருக்கும் மொனிட்டரின் கோட்டிலும் சில நேரம் தெரியும். ஆகவே வாட்டுக்கு 4ஜி மாடலே நல்லது. ஆனால் போனில் 4ஜி இருப்பது மட்டும் போதாது. கோலும் 4ஜி வழியாகவே போவதற்கு வோல்ட்டி வசதி போனிலும் இருக்க வேண்டும், சிம்மிலும் திறந்திருக்க வேண்டும். கடையில் வைத்தே சோதிக்கலாம்: சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுங்கள், கதைத்துக்கொண்டிருக்கும்போது திரையின் மேல்மூலையில் 4ஜி அடையாளம் அப்படியே நின்றால் சரி. கோல் போனதும் அது 2ஜியாகவோ 3ஜியாகவோ மாறினால் வோல்ட்டி வேலை செய்யவில்லை. மெனுவில் அது அணைந்திருக்கலாம். அல்லது சேவை நிலையத்தில் சொல்லித் திறக்க வேண்டியிருக்கலாம்.

வாங்கும் இடத்தில் இன்னும் ஒரு சோதனை. திருகோணமலையில் மத்திய வீதி, பிரதான வீதி, என்.சி. வீதி என்று எந்தக் கடையில் வாங்கினாலும், *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியில் அச்சடித்த எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதிவான போனா என்று பதில் வரும். கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கத்து வீடுகளில் அப்படி வந்த போன்கள் நிறைய உண்டு. அந்த ஐஎம்இஐ எண்ணைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். போன் தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அதுதான் வேண்டும்.

சிம்மை மாற்றும் வேலைதான் பலரைக் கவிழ்க்கிறது. ஸ்மார்ட்போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டதும் பெயர்ப் பட்டியல் வெறுமையாக இருக்கும். பெயர்கள் சிம்மில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை பெரும்பாலும் கூகுள் கணக்கில் இருக்கின்றன. ஆகவே அனுமதிக்கு முதல் நாள் வீட்டில் இருந்து, கட்டாயம் வேண்டிய பத்து எண்களைக் கையால் அடித்துச் சேமியுங்கள். 'அம்மா', 'தங்கச்சி' என்று மட்டும் வைக்காமல், 'மகள் உவர்மலை', 'தம்பி லிங்கநகர்' என்று வையுங்கள். நோயாளி கதைக்க முடியாமல் கிடக்கும்போது வேறொருவர் எடுத்துப் பார்த்தாலும் யாருக்கு அடிப்பது என்று விளங்கும். அந்தப் பத்தில் சிங்களம் நன்றாகக் கதைக்கக்கூடிய ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். திருகோணமலையிலிருந்து கண்டிக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்றி அனுப்பினால், அங்கே டொக்டர் சொல்வதைப் போனிலேயே கேட்டு விளங்கிக்கொள்ள அவர் வேண்டும். எங்கள் கணிப்பில் அந்தப் பட்டியலில் மகனுக்கும் மகளுக்கும் அடுத்த பெறுமதி அந்த எண்ணுக்குத்தான்.

சிம்மின் அளவும் கவனிக்க வேண்டியது. ஸ்மார்ட்போனின் நனோ சிம் மிகச் சிறியது. பட்டன் போன்கள் பலவற்றின் தட்டு பெரிய சிம்முக்கானது. சிம் வாங்கும்போது சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை எறியாமல் வைத்திருந்தால் அதில் பொருத்திப் போடலாம். நனோ சிம்மை வெறுமனே இடைவெளிக்குள் தள்ளினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சிம் போட்டாலும் 'சிம் இல்லை' என்றே காட்டும். இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றமே முடியாது; அடையாள அட்டையைக் காட்டி வேறு சிம் எடுக்க வேண்டும். சிம்மைப் பூட்டும் பின் (PIN) இலக்கம் போட்டிருந்தால் மாற்றுவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். மூன்று முறை பிழையாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு, சிம் அட்டையில் அச்சடித்திருக்கும் பக் (PUK) இலக்கம் கேட்கும். அந்த அட்டை வீட்டில் எந்த லாச்சியில் கிடக்கிறதோ.

வட்ஸ்அப் பற்றி ஒரு பயம் உண்டு: சிம்மைக் கழற்றினால் வட்ஸ்அப் போய்விடும் என்று. போகாது. சிம் இல்லாத ஸ்மார்ட்போனில், வைஃபையிலோ பக்கத்து ஆளின் ஹொட்ஸ்பொட்டிலோ அதே எண்ணில் வட்ஸ்அப் தொடர்ந்து வேலை செய்யும். செய்யக்கூடாதது ஒன்றுதான்: அதை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. அப்போது சரிபார்ப்பு இலக்கம் எஸ்எம்எஸ்ஸாகப் பட்டன் போனுக்குத்தான் வரும். வங்கியின் ஓடிபியும் அப்படியே. நோயாளியின் கணக்கிலிருந்து வீட்டார் காசு அனுப்ப வேண்டியிருந்தால், அந்த இலக்கம் வாட்டுக்குள் கிடக்கும் போனுக்கு வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். வட்ஸ்அப்பை இரண்டாவது கருவியில் இணைக்கும் வசதியும் உண்டு: முதன்மைப் போன் உட்பட மொத்தம் ஐந்து கருவிகள். முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்புகள் அறுந்துவிடும். நீண்ட காலம் தங்குபவரின் வீட்டார் பத்தாம் நாளில் ஒரு முறை அந்தப் போனைத் திறந்துவிட வேண்டும்.

இந்தப் போன் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது வெளிநாட்டுப் பிள்ளைகள். 105இல் வட்ஸ்அப் இல்லை, ஈமோ இல்லை, வைபர் இல்லை. சர்வதேசக் கோல் எடுப்பது செலவு. வரும் கோலில் கதைப்பதற்குச் செலவில்லை. ஆகவே அங்கிருந்து அவர்கள் எடுக்கட்டும். முடியாவிட்டால், பார்வை நேரத்தில் வருபவரின் ஸ்மார்ட்போனை ஐந்து நிமிடம் கையில் கொடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் கோல் தடை. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும், வரும். அதனால் அபுதாபியில் இருக்கும் மகன் கோல் எடுக்கவில்லை என்று தாய் கலங்கத் தேவையில்லை. அவர் குரலைப் பதிந்து அனுப்பட்டும், இவர் பதிலைப் பதிந்து அனுப்பட்டும். நேரத்தையும் கணக்குப் பாருங்கள்: நமக்குப் பின்னேரம் 5 மணி என்றால் துபாயில் 3.30, சவூதியிலும் கட்டாரிலும் 2.30. மூன்று இடத்திலும் அது வேலை நேரம். இரவு 8 மணிக்குப் பிறகுதான் அவர்களுக்கு ஓய்வு. அந்நேரம் வாட்டில் விளக்கை அணைக்கத் தொடங்கிவிடுவார்கள். குரல் பதிவு இதற்கும் மருந்து: அவர்கள் இரவில் அனுப்பியதை நோயாளி மறுநாள் நண்பகல் கேட்கலாம்.

எஸ்எம்எஸ்ஸைக் கைவிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் அதற்குத் திரும்பிப் போக வேண்டும். கோல் நிற்காத மூலையிலும் எஸ்எம்எஸ் போய்விடும். போகாவிட்டால் வலையமைப்பு அதை வைத்திருந்து, போன் சிக்னலுக்குள் வந்ததும் கொடுக்கும். ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு செய்திக்கு 70 எழுத்துத்தான் கொள்ளும். ஆங்கில எழுத்தில் 160. 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து, போனுக்கு இரண்டு; 'கொ'வும் அப்படியே. எனவே இரண்டு வரித் தமிழ்ச் செய்தி இரண்டு மூன்று செய்தியாகப் பிரிந்து காசு பிடிக்கும். வாங்கும் முன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத போனில் தமிழ்ச் செய்தி பெட்டி பெட்டியாக விழும். குறுகச் சொல்லிப் பழகுவது நல்லது: 'ஸ்கான் முடிஞ்சுது', 'காலை சோறு வேண்டாம்', 'தியேட்டர் நாளை'.

அழைப்புத் திசைமாற்றம் என்பது எல்லாப் போனிலும் கிடக்கும் வசதி. ஆஸ்பத்திரிக் காலத்தில் இதற்கு இணையான வேறொன்று இல்லை. நோயாளியின் போனில் **62* அடித்து, துணைக்கு நிற்பவரின் எண்ணை +94 சேர்த்து அடித்து, # போட்டு அழைப்புப் பட்டனை அழுத்துங்கள். இனி அந்தப் போன் அணைந்திருந்தாலும் சிக்னலுக்கு வெளியே இருந்தாலும் வரும் கோல் துணையாளுக்குப் போகும். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் இருக்கும் நாலு மணி நேரத்தில் 'என்ன ஆச்சு, போன் ஓஃப்' என்று ஊரே பதறுவது இதனால் நிற்கும். எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும் என்றால் **61*எண்**20# என்று அடியுங்கள். 20 என்பது விநாடிகள், 5 தொடக்கம் 30 வரை ஐந்தைந்தாகக் கூட்டலாம். போட்டது நிற்கிறதா என்று பார்க்க *#62#. இரண்டு எச்சரிக்கை: திசை மாறிப் போகும் கோலின் கட்டணம் நோயாளியின் கணக்கில்தான் கழியும், ஆகவே அதில் ரீலோட் இருக்க வேண்டும், சில முற்கொடுப்புப் பொதிகளில் இந்த வசதி மூடியிருக்கும், அதைச் சேவை எண்ணுக்கு அடித்துத் திறக்கக் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. யாரோ தெரியாதவர் கோல் எடுத்து 'இந்த இலக்கத்தை அடியுங்கள்' என்று நட்சத்திரக் குறியோடு ஏதாவது சொன்னால் அடிக்காதீர்கள். இதே வழியில்தான் கோல்களைத் தங்கள் பக்கம் திருப்பி வட்ஸ்அப்பைத் திருடுகிறார்கள். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரத்தில் மனம் கலங்கியிருக்கும். அதுதான் அவர்களுக்கு வசதி.

எந்தச் சிம் என்று கேட்பவர்களுக்குப் பொதுவான விடை கிடையாது. டயலொக், மொபிட்டல், ஹட்ச் மூன்றும் நகரில் வேலை செய்கின்றன. எயார்டெல் 2024இல் டயலொக்கோடு இணைந்துவிட்டது. நகரின் நடுவில் நன்றாக இருப்பது ஒரு கட்டிடத்தின் உள்மூலையில் நன்றாக இராது. தடித்த சுவர், கொங்கிறீட் தளம், தகரக் கூரை மூன்றும் அலையை விழுங்கும். உயர்ந்த அலைவரிசை முதலில் சாகும், தாழ்ந்தது உள்ளே வரும். டேட்டா நின்ற இடத்தில் கோல் மட்டும் கிடைப்பது இதனால்தான். இரட்டைச் சிம் உள்ள 105ஐ வாங்கி இரண்டு வெவ்வேறு நிறுவனச் சிம்மைப் போடுவதே எங்கள் ஆலோசனை. இரண்டாவது சிம்மில் சிறிய ரீலோட் போதும். கட்டில் கிடைத்ததும் படுத்த நிலையிலேயே இரண்டிலிருந்தும் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்துப் பாருங்கள், எது உடனே போகிறதோ அதை முதன்மையாக வையுங்கள். யன்னலடியில் நின்று சோதிப்பதில் பயனில்லை. நோயாளி யன்னலடிக்கு நடக்கப் போவதில்லை.

மாற்றி அனுப்பும் நாளில் அம்புலன்சுக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் என்று எதிர்பார்த்திருங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வழியில் கோல் அறுந்தால் பதற வேண்டாம். புறப்படும்போது ஓர் எஸ்எம்எஸ், போய்ச் சேர்ந்ததும் ஓர் எஸ்எம்எஸ் என்று முன்பே பேசி வையுங்கள். வீட்டிலிருந்து அவசரமாகக் கொண்டுபோக வேண்டி வந்தால் 1990; சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம்.

இனி மின்சாரம். போனைவிடச் சண்டை வருவது பிளக் பொயின்டுக்குத்தான். கட்டில் தலைமாட்டில் இருக்கும் பொயின்ட் மருத்துவக் கருவிக்கு. சேலைன் பம்ப், உறிஞ்சும் மெசின், நெபுலைசர் எதன் வயரையும் ஒரு நிமிடத்துக்குக்கூடக் கழற்றாதீர்கள். உள்ளே பற்றரி இருக்கும் கருவி தொடர்ந்து ஓடும், யாருக்கும் தெரியாது. இரவில் பற்றரி இறங்கியதும் நிற்கும். பழைய கட்டிடங்களில் வட்ட முள் பொயின்ட், புதியவற்றில் 13 அம்பியர் சதுர முள். இரண்டு முள் சாஜரைச் சதுரப் பொயின்டுக்குள் செருக, மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டுத் தள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த ஓட்டை புவித் தொடுப்புக்கானது. உள்ளே இருக்கும் மூடி குழந்தை கை வைக்காமல் காப்பதற்கு. பேனை வைத்துத் திறந்து மெல்லிய முள்ளைச் செருகினால் பிடி தளர்ந்து நிற்கும், தீப்பொறி பறக்கும். ஒட்சிசன் ஓடும் கட்டிலில் தீப்பொறி என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மாஸ்க் போட்டவரின் தலையணைக்குக் கீழே போனைச் சாஜில் வைப்பதும் அப்படித்தான்; போர்வைக்குள் சூடு தங்கும், ஒட்சிசனும் தங்கும்.

ஆகவே சுவரை மறந்து பவர் பாங்கை நம்புங்கள். 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருப்பது உள்ளே 3.7 வோல்ட்டில் உள்ள கணக்கு, அதாவது 37 வாட் மணி. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 6,000 சொச்சம்தான் கிடைக்கும். நல்ல தயாரிப்பில் இதையும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 5,000 பற்றரி உள்ள ஸ்மார்ட்போனை ஒன்றே கால், ஒன்றரைத் தடவை நிரப்பும். 105ஐ ஆறு ஏழு தடவை. இந்த ஒரு கணக்கே பட்டன் போனின் பெறுமதியைச் சொல்லிவிடுகிறது: சிக்னல் நன்றாக உள்ள வாட்டில் ஒரு முறை நிரப்பிய 105 நாலைந்து நாள் கிடக்கும், ஒரு பவர் பாங்கோடு மாதம் ஓடும். போலியைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். உண்மையான 10,000 பவர் பாங்க் பெரும்பாலும் 180 கிராமுக்குக் குறையாது. 20,000 என்று எழுதி 150 கிராம் இருந்தால் உள்ளே பற்றரி இல்லை, எழுத்துத்தான் இருக்கிறது. பக்கம் உப்பிய பவர் பாங்கை ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் வைத்திருக்காதீர்கள்.

105ஐப் பவர் பாங்கில் போட்டால் சில நேரம் நிரம்ப முன்பே நின்றுவிடும். பழுது இல்லை. சின்னப் பற்றரி நிரம்பும் கடைசிக் கட்டத்தில் மிகக் குறைந்த மின்னோட்டம்தான் எடுக்கும்; ஒன்றும் பூட்டியில்லை என்று நினைத்துப் பவர் பாங்க் அணைந்துவிடும். பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் குறைமின்னோட்ட நிலைக்குப் போகும் மாடல்கள் உண்டு. இல்லாவிட்டால் 90 வீதத்தோடு விட்டுவிடுங்கள், அது போதும். பவர் பாங்கை நிரப்ப 10 வாட் சாஜரில் நாலரை மணி நேரம் வேண்டும். இரண்டு வாங்கி மாற்றிக்கொள்வதுதான் சுகமான வழி: பார்வை நேரத்தில் நிரம்பியது உள்ளே, இறங்கியது வெளியே, சாப்பாட்டுக் கூடையோடு. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டுப் போன நாட்களையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதையும் நினைவில் வைத்தால் இது அதிகச் செலவாகத் தெரியாது. மின் நீண்ட நேரம் போனால் கோபுரங்களின் பற்றரியும் இறங்கும். அப்போது கையில் சாஜ் இருந்தாலும் சிக்னல் இராது, இரண்டாம் சிம் உதவக்கூடும்.

வயர் ஒரு மீற்றர் போதும். இரண்டு மீற்றர் வயர் கட்டிலுக்குக் கீழே தொங்கும், சில்லுப் பட்டு நசியும், நடப்பவர் காலில் சிக்கும். மைக்ரோ யூஎஸ்பி வாய் இந்தப் போனின் பலவீனமான இடம். தலைகீழாகச் செருகினால் உள்ளே இருக்கும் நாக்கு உடையும். அகன்ற பக்கம் எது என்று நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டால் இருட்டிலும் தெரியும். கடற்கரை ஊரில் அந்த வாய் பச்சை பிடிக்கும். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் ஊசிகள் அரிக்கும். பிறகு சாஜ் ஏறுகிறது என்று காட்டும், ஏறாது. மாதம் ஒரு தடவை போனை அணைத்து, உலர்ந்த மென்மையான பல் தூரிகையால் துடையுங்கள்.

சுத்தத்துக்கு 70 வீத அல்கஹோல் துடைப்பான். நேரடியாகத் தெளிக்கக் கூடாது, பட்டன் இடுக்கால் உள்ளே இறங்கும். வாட்டில் போனை வைக்கும் இடம் எல்லாம் யாரோ கை வைத்த இடம். காயம் உள்ளவரின் கையில் போன் போவதற்கு முன் துடைத்துக் கொடுங்கள். ஸ்மார்ட்போன் என்றால் ஜிப் பையில் போட்டுக் கொடுக்கலாம், திரை பையின் மேலாலும் வேலை செய்யும்.

போன் போகக்கூடாத இடங்கள் மூன்று. எம்ஆர்ஐ அறைக்குள் எந்தப் போனும் கூடாது. அந்தக் காந்தம் இழுத்தால் கை நிற்காது. தியேட்டருக்குள் போகும்போது நகையோடு சேர்த்துப் போனையும் துணையாளிடம் கொடுங்கள். ஐசியுவில் மிஸ்ஸி சொல்வதுதான் சட்டம். சொல்லாவிட்டாலும் கருவிகளிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நின்று கதையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் எந்தப் போனையும் மார்புப் பைக்குள் வைக்கக்கூடாது, 15 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். கருவி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துக் கதைக்க வேண்டும்.

தொலைவது பெரும்பாலும் குளிக்கப் போகும் நேரத்திலும் ஸ்கானுக்குப் போகும் நேரத்திலும். துணிப்பை ஒன்று தைத்துக் கழுத்தில் போடுவது போல நாடா வைத்தால் சேலைன் வயரோடு சிக்கும். அதைவிடத் தலையணை உறைக்குள் ஊசி குத்திய சிறிய பை நல்லது. போனின் பின்பக்கத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டி, விடுதி இலக்கம், கட்டில் இலக்கம், துணையாளின் எண் எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் இன்னும் நல்லது. பேனை மை கைபட்டு அழியும், மார்க்கரால் எழுதுங்கள். ரிங்டோன் விஷயத்திலும் இந்தப் போனோடு கவனம் வேண்டும்: அதன் ஒலிபெருக்கி சிறியது, சத்தமோ வாட்டு முழுக்கக் கேட்கும். மிகக் குறைந்த அளவுக்கு மேல் வைக்காதீர்கள். இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்தால், மிஸ்ஸி பெயர் கூப்பிடுவதும் கேட்கும்.

யாரும் போனை எடுக்காத நேரத்தில் வைத்தியசாலையின் எக்ஸ்சேஞ்ச் எண் கைகொடுக்கும். திருகோணமலைக்கு 026. நோயாளியின் முழுப் பெயர், விடுதி இலக்கம், கட்டில் இலக்கம் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு எடுங்கள். மருந்து கொடுக்கும் நேரத்திலும் டொக்டர் ரவுண்ட்ஸ் வரும் காலையிலும் எடுத்தால் பதில் சொல்ல ஆள் இராது. வீட்டில் ஒருவர் மட்டும் எடுத்துக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும்; ஆறு பேர் ஆறு முறை எடுத்தால் மிஸ்ஸி ஆறு முறை நோயாளிகளை விட்டுவிட்டு வர வேண்டும்.

மொத்தத்தில் நோக்கியா 105 4ஜிக்குக் கட்டிலடியில் ஐந்துக்கு நாலரை கொடுப்போம். அரைப் புள்ளி மைக்ரோ யூஎஸ்பிக்காகக் குறைகிறது. வீடு முழுக்க டைப்-சி வயராகிவிட்ட காலத்தில் இதற்கென்று தனி வயர் தூக்க வேண்டியிருக்கிறது. கண் மங்கியவர்களுக்கு 1.8 அங்குலத் திரை சிறிது. எழுத்துப் பருமனைக் கூட்டியும் போதாவிட்டால் படிப்பதை விட்டுவிட்டு 2ஆம் பட்டனையும் 3ஆம் பட்டனையும் நம்புவதே வழி.

வீட்டுக்கு விடும் நாளில் டயக்னோசிஸ் காட்டை (நோய் விபரம் எழுதித் தரும் அட்டையை) வாங்கியதும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, வட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் டொக்டரின் எழுத்து இன்னும் மங்கும். பிறகு நோயாளியின் போனில் ##002# அடித்து எல்லாத் திசைமாற்றத்தையும் நீக்குங்கள். இதை மறந்தால் வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகியும் அவருக்கு வரும் கோல் மகளுக்கே போய்க்கொண்டிருக்கும். சிம்மைப் பழைய போனுக்கு மாற்றி, 105ஐத் துடைத்து, பாதிச் சாஜில் அணைத்து, பற்றரியைக் கழற்றி, கிளினிக் கொப்பி வைக்கும் பையிலேயே வையுங்கள்.